தட்டிப் பார்த்தால் தெரியும்

போன மே மாதம் எங்கள் வீட்டு வேப்பமரத்தில் நான்கு கார் சக்கரங்கள் கயிற்றில் தொங்கின. கார் வாசலில் மரக்கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. தெருவில் போகிறவர்கள் எல்லாம் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். “என்ன வாத்தியாரே, கோயிலுக்கு மணி கட்டுற மாதிரி கட்டி வச்சிருக்கீக?” என்று பால்காரர் கேட்டார். அவர் வேடிக்கையாகச் சொன்னதுதான் பின்னால் உண்மையானது. அந்த நான்கு மணிகளில் ஒன்று சரியாக ஒலிக்கவில்லை. அதைக் கண்டுபிடித்தவர், காது சரியாகக் கேட்காத என் அப்பா.

எனக்கு ஊர் மல்லாங்கிணறு. விருதுநகருக்கும் காரியாபட்டிக்கும் நடுவில், கரிசல் காட்டுக்குள் இருக்கிற பேரூராட்சி. அரசுப் பள்ளியில் அறிவியல் பாடம் எடுக்கிறேன். என் பிழைப்பு சாக்பீஸ். அப்பாவின் பிழைப்பு அலுமினியம். சைக்கிளில் பெரிய கூடை கட்டிக்கொண்டு, “பழைய ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்” என்று சுற்றுவட்டாரக் கிராமங்களில் குரல் கொடுத்துப் போவார். ஓட்டைச் சட்டி, நசுங்கிய குண்டான், கைப்பிடி போன வடிசட்டி எல்லாம் கூடைக்குள் போகும். பதிலுக்குப் பேரீச்சம்பழம், இல்லையென்றால் புதுப் பாத்திரத்துக்குக் கழிவு. எங்கள் பக்கத்தில் அலுமினியத்தையும் ‘ஈயம்’ என்றுதான் சொல்வோம். அந்தக் கூடையில்தான் நானும் அக்காவும் படித்தோம், வளர்ந்தோம்.

கார் நான் 2014-ல் வாங்கிய பழைய ஃபோர்டு ஐகான். மறைமலைநகரில் பிறந்த வண்டி. எனக்கு முன்னால் தூத்துக்குடியில் ஒருவரிடம் இருந்தது. அவர் ஆசைப்பட்டு அதற்கு அலாய் வீல் போட்டிருந்தார். நான் வாங்கிய அன்று பளபளவென்று இருந்த சக்கரங்கள், வருடம் போகப் போக மங்கின. மேல்பூச்சு உரிந்தது. அதற்கு அடியில் வெள்ளை வெள்ளையாகப் புழு ஊர்ந்த தடம் போல நெளிநெளிக் கோடுகள். உப்புக் காற்று பட்ட வண்டிக்கு இது வழக்கம். மேல்பூச்சில் ஒரு சின்னக் கீறல் விழுந்தால் போதும், உப்பும் ஈரமும் அதன் வழியாக உள்ளே போய், பூச்சுக்கு அடியிலேயே அரித்துக்கொண்டு நகரும்.

இவ்வளவு நாள் அதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. மகள் கல்லூரி முடித்து, விருதுநகரில் வேலையும் கிடைத்து, ஓட்டுநர் உரிமமும் வாங்கிவிட்டாள். “அப்பா, இனிமே நம்ம வண்டிய நானே எடுத்துட்டுப் போய்ட்டு வந்துர்றேன்” என்றாள். புது வண்டி வாங்கித் தர வசதியில்லை. இருக்கிற வண்டியைப் புதுசு மாதிரி ஆக்கிக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். மதுரையில் ஒரு பட்டறையில் விசாரித்தேன். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டு, போனை மெதுவாக வைத்துவிட்டேன். கோடை விடுமுறை இருக்கிறது, கை இருக்கிறது, யூடியூப் இருக்கிறது. நாமே செய்வோம் என்று இறங்கினேன்.

வாத்தியார் செய்த முதல் தப்பு

பஞ்சர் கடையில் டயர்களைக் கழற்றி, வெறும் ரிம்களாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பல வருடத்து அழுக்கு. பிரேக் கட்டையிலிருந்து உதிர்ந்த கரி, தார், கரிசல் மண். சோப்புத் தண்ணீருக்கு அசையவில்லை. குளியலறை கழுவ வைத்திருந்த ஆசிட் பாட்டில் கண்ணில் பட்டது. ஒரு சக்கரத்தில் கொஞ்சம் ஊற்றினேன். புஸ்ஸென்று நுரைத்தது. அழுக்கு போகிறது என்று சந்தோஷப்பட்டேன். கழுவிப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சாம்பல் நிறத்தில் கறுத்து, தடவினால் நறநறவென்று இருந்தது.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா எட்டிப் பார்த்தார். “ஈயச் சட்டியில புளிக்கொழம்ப ராத்திரி பூரா வைக்கக் கூடாதுன்னு உங்க ஆத்தா எத்தன தடவ சொல்லிருக்கா? நீ ஆசிட்ட ஊத்துற. பள்ளிக்கூடத்துல என்னத்தச் சொல்லிக் குடுக்க?” என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஏனென்றால் ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்பில் நான் நடத்துகிற பாடம்தான் இது. இரும்பில் பிடிக்கும் துரு, பொருக்குப் பொருக்காக உதிரும். அதனால் உள்ளே இருக்கும் இரும்பையும் தின்றுகொண்டே போகும். அலுமினியம் அப்படியில்லை. காற்று பட்ட உடனேயே அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி, தோல் மாதிரி மூடிக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டரை லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குகூட வராத மெல்லிய தோல். அதுதான் அதற்குக் கவசம். அமிலமும் காரமும் அந்தத் தோலையே கரைத்துவிடும். உப்பு அதில் ஓட்டை போடும். ஆசிட் கூடாது, சலவை சோடா கூடாது, சுண்ணாம்பும் கூடாது. பாத்திரக்காரர் சைக்கிள் மிதித்துக் கற்றுக்கொண்டதை வாத்தியார் புத்தகத்தில் படித்துவிட்டு மறந்திருந்தேன்.

அதன் பிறகு வெந்நீர், பாத்திரம் துலக்கும் சோப்பு, பழைய பல் தேய்க்கும் பிரஷ். நேரம் ஆனது, ஆனால் அழுக்கு போனது.

அக்கா கத்திய கத்தல்

அடுத்து பழைய பூச்சை எடுக்க வேண்டும். பெயிண்ட் ரிமூவர் தடவி, ஊறவிட்டுச் சுரண்டினேன். மிச்சத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். கையால் தேய்த்துத் தோள் வலித்ததும், பக்கத்து வீட்டில் கிரைண்டரை இரவல் வாங்கினேன். அவர்கள் அதில்தான் இரும்பு கேட் கம்பிகளை அறுப்பார்கள். அதையே மாட்டி ஒரு மணி நேரம் ஓட்டினேன். காலடியில் வெள்ளிப் பொடி குவிந்தது. அழகாக இருந்தது. கூட்டி ஒரு டப்பாவில் அள்ளினேன்.

அப்போதுதான் அக்கா வந்தாள். அக்கா பதினைந்து வருடத்துக்கு மேல் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைக்கு வேன் ஏறிப் போனவள். விடியற்காலை போய்விட்டுச் சாயங்காலம் வருகிறபோது அவள் கை, கழுத்து, காது மடல் எல்லாம் வெள்ளி பூசியது போல மின்னும். சின்ன வயதில் என் மகள் அவளை “வெள்ளி அத்தை” என்று கூப்பிடுவாள். அந்த வெள்ளி வேறொன்றுமில்லை, அலுமினியப் பவுடர். மத்தாப்பில் வெள்ளை வெளிச்சமாகத் தெரிவதும், வெடியில் பளிச்சென்று கண்ணைக் கூசவைப்பதும் அதுதான். பக்கத்து யூனிட்டில் ஒரு விபத்து நடந்தது. அவளோடு வேனில் போய்வந்த இரண்டு பேர் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அக்கா அந்த வேலைக்குப் போகவில்லை.

டப்பாவைப் பார்த்ததும் அவள் குரல் மாறிவிட்டது. “ஏ தம்பி, அத மொதல்ல கீழ வையி. மூடாத. மிசின நிறுத்து” என்று கத்தினாள். நான் சிரித்தேன். “அக்கா, இது சக்கரத்துத் தூசி. பட்டாசு மருந்தா என்ன?”

“மருந்துக்கு வேற என்னடா வேணும்? இந்தப் பொடிதான பாதி. ஈரம் பட்டுச்சுன்னா உள்ளுக்குள்ளயே சூடாகும். சூடாகிறப்ப மூத்திர வாடை மாதிரி ஒரு வாடை வரும். அந்த வாடை வந்துச்சுன்னா நாங்க எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுவோம்.”

அக்கா பத்தாவது வரைதான் படித்தவள். ஆனால் அவள் சொன்னது ஒவ்வொன்றும் வேதியியல். நைட்ரேட் உப்போடு அலுமினியத் தூள் கலந்து ஈரமானால், தானாகவே வினை நடந்து சூடேறும். அம்மோனியா வெளிவரும். அதுதான் அந்த வாடை. என் டப்பாவில் நைட்ரேட் இல்லைதான். ஆனால் வெறும் அலுமினியத் தூள்கூட ஈரத்தில் கிடந்தால் மெல்ல மெல்ல ஹைட்ரஜன் வாயுவை விடும். மூடி போட்ட டப்பாவில் அது அடைபட்டுக் கிடப்பது ஆபத்து. காய்ந்த தூள் காற்றில் மேகமாகப் பரவினால் ஒரு தீப்பொறி போதும். அந்தக் கிரைண்டரில் இரும்புத் துருவும் ஒட்டியிருந்தது. துருவும் அலுமினியத் தூளும் சேர்ந்து பற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ரயில் தண்டவாளத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு தண்டவாளங்களை உருக்கி ஒட்டவைக்கிற தெர்மிட் கலவை இந்த இரண்டும்தான். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. காய்ந்த மணல்தான் போட வேண்டும்.

இன்னொரு கெடுதலும் உண்டு. இரும்பு தேய்த்த கல்லை அலுமினியத்தில் போட்டால் இரும்புத் துகள்கள் அதில் பதிந்துகொள்ளும். பிறகு அந்தப் புள்ளிகளில்தான் அரிப்பு ஆரம்பிக்கும். அதாவது, நான் சக்கரத்தையும் கெடுத்துக்கொண்டிருந்தேன், வீட்டையும் பணயம் வைத்திருந்தேன்.

அன்றோடு கிரைண்டர் திரும்பப் போனது. திறந்தவெளியில், தண்ணீர் தொட்டுத் தொட்டுக் கையால் தேய்த்தேன். தேய்த்த தண்ணீரை அவ்வப்போது நிறைய நீர் விட்டு அலசிவிட்டேன். அக்கா மூன்று நாள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். எனக்கு உதவி செய்வதாகத்தான் சொன்னாள். காவல் இருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

கல்யாணப் பத்திரிகையும் வேப்பமரமும்

தேய்ப்பதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் 120-ஆம் எண் தாள். பிளாட்பாரத்தில் உரசிய ஆழமான கீறல்களின் விளிம்பு அதில் மழுங்கும். அப்புறம் 240, 400, கடைசியில் 600. ஒவ்வொரு தாளும் முந்தைய தாள் போட்ட கோட்டை அழிக்க வேண்டும். அவசரப்பட்டு ஒன்றைத் தாண்டினால், பெயிண்ட் அடித்த பிறகு கோடு பல்லைக் காட்டும். சின்னப் பள்ளங்களுக்குப் பட்டி பார்த்தேன். அலங்காரத்துக்குத்தான் பட்டி, பலத்துக்கு அல்ல. பிறகு உலோகத்தைக் கவ்விப் பிடிக்கிற பிரைமர், அதன் மேல் வெள்ளி நிறம், கடைசியில் மினுமினுப்புப் பூச்சு. எல்லாம் மெல்லிசாகப் பல தடவை. மினுமினுப்புப் பூச்சின் புகை நுரையீரலுக்கு ஆகாது என்பதால் சரியான முகமூடி போட்டுக்கொண்டேன். கைக்குட்டை கட்டினால் போதாது.

பெயிண்ட் படக் கூடாத இடங்களும் உண்டு. சக்கரம் அச்சில் உட்காரும் முகம், நட்டு உட்காரும் குழி. அங்கே பெயிண்ட் இருந்தால் ஓட ஓட அது நசுங்கி, நட்டு தளர்ந்துவிடும். அவற்றை மறைக்க அட்டை வேண்டும். சிவகாசிப் பக்கத்துக்காரனுக்கு அட்டைக்கா பஞ்சம்? அச்சகத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன், கலர் சரியாக விழாத கல்யாணப் பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாகக் கொடுத்தான். வட்டமாக வெட்டி ஒட்டினேன். யாரோ ஒரு மணமக்களின் திருநாள் என் சக்கரத்தின் நடுவில் ஒரு வாரம் இருந்தது.

இப்படித்தான் சக்கரங்கள் வேப்பமரத்தில் ஏறின. தொங்கவிட்டால் சுற்றிச் சுற்றி எல்லாப் பக்கமும் பெயிண்ட் அடிக்கலாம். நான்காவது சக்கரம்தான் எல்லாவற்றிலும் அழகாக வந்தது. அதற்குத்தான் அதிகம் உழைத்தேன். சில வருடங்களுக்கு முன் ஒரு பள்ளத்தில் இறங்கி அதன் உள்விளிம்பு வளைந்துவிட்டது. அப்போது ரோட்டோரப் பட்டறை ஒன்றில் கேஸ் அடுப்பின் ஜுவாலையைக் காட்டிச் சூடாக்கி, சுத்தியலால் தட்டிப் பெண்டு எடுத்துக் கொடுத்தார்கள். பத்து நிமிட வேலை. வண்டி நன்றாகத்தான் ஓடியது.

“இது செத்த சத்தம்”

அப்பாவுக்கு 78 வயது. ஒரு காது சுத்தமாகக் கேட்காது. இன்னொன்றில் உரக்கச் சொன்னால்தான் விழும். கேட்கும் கருவி வாங்கிக் கொடுத்தோம். அது பீரோவில் இருக்கிறது. வீட்டில் பேச்சு நடக்கும்போது அவர் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். நாங்களும் கொஞ்சம் கொஞ்சமாக அவரிடம் விஷயம் சொல்வதைக் குறைத்துவிட்டோம். வெறுப்பால் இல்லை. ஒன்றை மூன்று தடவை சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற அலுப்புதான்.

அன்று சாயங்காலம் அவர் எழுந்து மரத்தடிக்கு வந்தார். ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டார். இடது கை விரல் நுனியை ரிம்மில் லேசாக வைத்து, வலது கையால் ஸ்பேனரின் முனையை வைத்து ஒரு தட்டு. ‘டிங்ங்’ என்று இழுத்து ஓய்ந்தது. அடுத்த சக்கரம், அதே ஒலி. மூன்றாவது, அதே ஒலி. நான்காவதைத் தட்டினார். மறுபடி தட்டினார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு பக்கம் தட்டினார்.

“இது செத்த சத்தம்பா. எங்கயோ கீறி இருக்கு.”

எனக்கு வித்தியாசம் ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. சொல்லப்போனால் எனக்குக் கோபம் வந்தது. நான்கு நாள் உழைத்திருக்கிறேன். “உங்களுக்கு எங்கப்பா சத்தம் கேக்குது?” என்று கேட்டுவிட்டேன். உரக்கவே கேட்டேன். அவருக்கு விழுந்தது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “காதுக்குக் கேக்கல. கைக்குக் கேக்குது” என்றார். “நல்ல ஈயம்னா அதிர்வு வெரல்ல நிக்கும். கீறலா இருந்தா சட்டுனு செத்துரும். ஓட்டைச் சட்டிய நல்ல சட்டின்னு சொல்லி எத்தன பேரு எங்கிட்டக் குடுத்திருக்காக? எல்லாத்தையும் தட்டித்தான் எடுப்பேன்.” ஸ்பேனரை வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார்.

மகள்தான் என்னை விடவில்லை. “தாத்தா சொன்னாப் பார்த்துருவோம்ப்பா. ஓட்டப்போறது நான்தான?”

பட்டறைகளில் ஒரு பழைய வழி உண்டு. விரிசல் இருக்குமோ என்று சந்தேகப்படும் இடத்தில் மண்ணெண்ணெய் தடவி ஊறவிடுவார்கள். பிறகு துளியும் ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டு, மேலே சுண்ணக்கட்டிப் பொடியைப் பூசுவார்கள். விரிசலுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணெய் மெல்ல வெளியே கசிந்து, வெள்ளைப் பொடியில் கோடாகத் தெரியும். பெரிய தொழிற்சாலைகளில் இதையே சிவப்புச் சாயம் வைத்துச் செய்கிறார்கள். என் வீட்டில் மற்றது எதற்குத் தட்டுப்பாடு இருந்தாலும் சாக்பீஸுக்கு இல்லை.

சக்கரத்தின் உட்புறத்தை நான் தேய்த்துக் கழுவியதோடு சரி, பெயிண்ட் அடிக்கவில்லை. பெண்டு எடுத்த விளிம்பைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவி ராத்திரி முழுக்க விட்டேன். காலையில் துடைத்து, காயவைத்து, சாக்பீஸைப் பொடி செய்து பூசினேன். முதலில் ஒன்றுமில்லை. ‘பார்த்தீங்களா’ என்று சொல்ல வாயெடுத்தேன். காபி குடித்துவிட்டு வந்து பார்த்தபோது, வெள்ளைப் பொடிக்கு நடுவில் ஒரு கோடு. தலைமுடி போல மெலிசு. என் ஆள்காட்டி விரல் நீளம்.

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்தச் சக்கரத்தோடுதான் நான்கு வழிச்சாலையில் மகள் வேகமாகப் போயிருப்பாள்.

சிவக்காத உலோகம்

லேத்துப் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் கொண்டுபோனேன். “ஆர்கான் வெல்டிங் போட்டு மூடிரலாம்ல?” என்றேன். அவர் தலையாட்டினார், முடியாது என்று. “மூடிரலாம் வாத்தியாரே. மூடுன இடம் நிக்கும். அதுக்குப் பக்கத்துல விட்டுரும்.”

அவர் சொன்னதன் விளக்கம் இதுதான். கார் சக்கரம் சும்மா வார்த்த அலுமினியம் அல்ல. அதில் சுமார் 7 சதவீதம் சிலிக்கான், துளி மெக்னீசியம் சேர்த்திருப்பார்கள். வார்த்த பிறகு சுமார் 540 டிகிரியில் மணிக்கணக்கில் சூடாக்கி, தண்ணீரில் சட்டென்று குளிரவைத்து, மறுபடி 160 டிகிரி அளவில் பல மணி நேரம் வைத்துப் பதப்படுத்துவார்கள். பலம் முழுக்க அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. பவுடர் கோட்டிங் செய்கிறவர்கள் 180 முதல் 200 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்து எடுப்பதுகூட அளவறிந்து செய்வது. ஜுவாலையை நேராகக் காட்டினால் அந்த இடத்தில் பதம் போய்விடும். உலோகம் மெத்தென்று ஆகிவிடும். வெல்டிங் சூடும் அதையேதான் செய்யும்.

இரும்பு சூடேறினால் சிவக்கும், எச்சரிக்கும். அலுமினியம் சிவப்பதில்லை. 660 டிகிரியில் உருகும்வரை வெள்ளையாகவே இருக்கும். அடுப்பில் தண்ணீர் வற்றிய ஈயச் சட்டி, பார்க்க ஒன்றும் தெரியாமல் இருந்து திடீரென்று அடி இளகி உட்கார்ந்துவிடும். பெரும்பாலான வீடுகளில் ஒரு தடவையாவது நடந்திருக்கும். பெண்டு எடுத்த அந்தப் பத்து நிமிடத்தில் என் சக்கரத்துக்கு நடந்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். வளைந்ததை நிமிர்த்தியதில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. அதன் மேல் நான் வெள்ளிப் பூச்சு பூசி அழகு பார்த்திருக்கிறேன்.

உடைத்துத்தான் கொடுக்கணும்

சரி, காயலான் கடையில் போட்டுவிடலாம் என்று எடுத்துவைத்தேன். அப்பா மறித்தார்.

“இப்படியே போட்டா, பெயிண்டு பளபளன்னு இருக்கு, எவனாவது எடுத்து வித்துருவான். வாங்குறவன் வீட்லயும் பிள்ளைக இருக்கும். உடைச்சுத்தான் குடுக்கணும்.”

பழைய பாத்திர வியாபாரத்தில் அவர் வைத்திருந்த சட்டமாம் அது. கீறல் விட்ட பாத்திரத்தை அடியில் ஒரு போடு போட்டு நசுக்கிவிட்டுத்தான் மூட்டை கட்டுவார். இத்தனை வருடத்தில் எனக்கு இது தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

பெரிய சம்மட்டியை நான்தான் தூக்கினேன். எங்கே அடிக்க வேண்டும் என்று அவர் விரல் வைத்துக் காட்டினார். மூன்றாவது அடியில் விளிம்பு பிளந்தது. உடைந்த முகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு பாதி சீனிக்கட்டி உடைந்தது போலப் புதிதாக மின்னியது. அது நான் இப்போது உடைத்தது. மறுபாதி அழுக்கேறிக் கறுத்திருந்தது. அது எனக்குத் தெரியாமல் ரோட்டில் உடைந்தது. பாதிக்குப் பாதி. மிச்சப் பாதியில்தான் எங்கள் குடும்பம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

அந்தத் துண்டு இப்போது என் வகுப்பறை மேசையில் இருக்கிறது. உலோகவியல் பாடத்துக்கு அதைவிட நல்ல படம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதைக் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கதையும் சொல்வேன். 1884-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் நினைவுத் தூணுக்கு உச்சியில் வைக்கிற அளவுக்கு அலுமினியம் அபூர்வமான உலோகமாக இருந்தது. இரண்டே வருடத்தில், 1886-ல், மின்சாரத்தால் அதைப் பிரிக்கும் வழி பிறந்தது. 1898-ல் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற பொறியாளர் சென்னை கலைப் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். 1900-ல் அது தனிக் கம்பெனியாகவே ஆனது. நம் வீட்டுச் சட்டியின் பூர்வீகம் சென்னைதான். அந்தச் சட்டி ஓட்டையானதும் என் அப்பாவின் கூடைக்கு வந்தது என்று முடிப்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். பாக்சைட் மண்ணிலிருந்து அலுமினியம் எடுக்க ஆகும் மின்சக்தியில் சுமார் 20-ல் ஒரு பங்கு இருந்தால் போதும், பழைய அலுமினியத்தை உருக்கிப் புதிதாக்கிவிடலாம். பேரீச்சம்பழம் கொடுத்து ஓட்டைச் சட்டி வாங்கியவர்கள் நாட்டுக்கு எவ்வளவு மின்சாரம் மிச்சம் பிடித்தார்கள் என்று யாரும் கணக்கு எழுதவில்லை.

நான்காவது சக்கரத்துக்கு ஜோடி தேடியது தனிக் கதை. சென்னையில் வேலை பார்க்கும் அக்கா மகன், புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்து அதே டிசைனில் ஒன்றைப் பிடித்து பஸ் பார்சலில் அனுப்பினான். அளவும் தாங்கும் எடையும் உட்புறத்தில் வார்த்திருப்பதைச் சரிபார்த்தோம். வந்த அன்றே மண்ணெண்ணெய்க் குளியல், சாக்பீஸ் பவுடர். கோடு இல்லை. ஆனாலும் யாரும் அதை மாட்டச் சொல்லவில்லை. மகள் அதைக் கயிற்றில் கட்டித் தாத்தா முன்னால் தொங்கவிட்டாள். அவர் விரலை வைத்து ஒரு தட்டு தட்டினார். கண்ணைத் திறந்து தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் உப்புத்தாளைத் தொட்டேன்.

இப்போது மகள்தான் தினமும் வண்டியை எடுக்கிறாள். சக்கரம் மாட்டி ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி ஒரு தடவை முடுக்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். தானே செய்தாள். வீட்டில் நாங்கள் அப்பாவிடம் பேசுவதும் கூடியிருக்கிறது. மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தால் மூன்று தடவை சொல்கிறோம்.

உடைந்த சக்கரத்தைக் காயலான் கடையில் எடை போட்டுக் காசு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, அப்பா திண்ணையிலிருந்து என் கையைப் பார்த்தார்.

“எம்புட்டுக் குடுத்தான்?”

சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “பேரீச்சம்பழம் ஒண்ணும் தரலையா?”

வண்டியைத் திருப்பிக்கொண்டு கடைக்குப் போய் அரை கிலோ வாங்கி வந்தேன்.